நாற்பத்தொரு விளக்கு

வெள்ளிக்கிழமை விடிய
நீச்சல்குளத்து வடிகூடையைத் திறந்தேன்.
வேப்பஞ் சருகு, யாரோ ஒருத்தியின் தலைமயிர்ப் பட்டி,
அதற்குக் கீழே
தீப்பெட்டி அளவில்
ஏழு ஆமைக்குஞ்சு.
குளோரின் குடித்து வெளுத்த கண்கள்.

முட்டை உடைத்து மணலுக்கு மேலே வந்ததுகளுக்கு
ஒரேயொரு பாடம்தான் தெரியும்:
வெளிச்சம் எங்கேயோ, கடல் அங்கே.
அது எழுதப்பட்ட காலத்தில்
நிலாவெளியில் மின்சாரசபை இல்லை.

கடல் பக்கம் நாற்பத்தொரு விளக்கு.
எல்லாம் நான் பூட்டினது.
தென்னைக்கு ஒன்று, பார் வாசலுக்கு ஆறு,
அலை இரவிலும் வெள்ளையாய்த் தெரியவேணும் என்று
இரண்டு பெரிய ஃபோகஸ்.
அந்த மாதம் எனக்கு
போனஸ்கூடத் தந்தார்கள்.

மனேஜர் உவைஸ் கூடையைப் பார்த்தார்.
நல்ல மனுசன்.
இரண்டு நிமிடம் உண்மையாகவே கவலைப்பட்டார்.
பிறகு போனை எடுத்துக் காட்டினார்:
‘கடற்கரை ஒரே இருட்டு. இரண்டு நட்சத்திரம்.’
போன சீசனில் யாரோ
எழுதிவிட்டுப் பிளேன் ஏறியது.
“மேலே இருக்கிற நட்சத்திரத்துக்கு
பேங்க் கடன் தராது தம்பி.
இதுக்குத்தான் தருது.”

செம்மஞ்சள் பல்ப் கொழும்பில்
ஒன்று இரண்டாயிரத்து நானூறு.
நாற்பத்தொன்றால் பெருக்கினார்.
லட்சத்துக்கு ஆயிரத்து அறுநூறு குறைவு.
கல்குலேற்றரைக் கவிழ்த்து வைத்தார்.
“பன்னிரண்டு வாங்குவம்.”

மிச்சத்துக்கு
குசினியில் ஜெசிந்தா பால்மா டின் சேர்த்துத் தந்தாள்.
தகரத்தை வெட்டி, கறுப்பு அடித்து
ஒவ்வொரு விளக்குக்கும் தொப்பி போட்டேன்.
வெளிச்சம் காலடியில் விழுந்து
அங்கேயே இருந்தது.
ஃபோகஸ் இரண்டையும் கழற்றினேன்.
கழற்று என்று யாரும் சொல்லவில்லை,
ஏன் என்று யாரும் கேட்கவுமில்லை.

அன்று இரவு பாரில் இருந்தவர்கள்
முதல்முறையாகப் புறாமலையைக் கண்டார்கள்,
கறுப்பில் ஒரு கறுப்பாக.
கரண்ட் போய்விட்டதா என்று
ஒருத்தி கேட்டாள்.
இல்லை, கடல் வந்திருக்கிறது
என்று சொல்ல எனக்கு இங்கிலிஷ் போதவில்லை.
“சேவிங்” என்றேன்.

மாதம் முடிய பில் வந்தது.
உவைஸ் தொகையைச் சுற்றி வட்டம் போட்டார்,
போன மாதத்துக்கும் இதுக்கும் கோடு இழுத்தார்,
முதலாளிக்குக் கடிதம் அடித்தார்.
ஆமை என்ற சொல் அதில்
ஓரிடத்திலும் இல்லை.
இருக்கட்டும்.

அடுத்த பொரிப்பு சோளகம் எழும்பின கிழமை.
விடிய முதல் வேலையாய்க் கூடையைத் திறந்தேன்.
சருகு மட்டும்.
ஓடிப்போய் மணலைப் பார்த்தேன்.
ஊசி நூல் இழுத்தது போல் தடங்கள்
கடலை நோக்கி,
நேராக,
பாதி வழிவரைக்கும்.
அங்கே எல்லாம் சேர்ந்து
தெற்கே திரும்பியிருந்தன,
வேலிக்கு அடியால்,
பக்கத்து ஹோட்டலுக்கு.

எங்கள் இருட்டு
எண்பது பாக நீளம்தான்.

பக்கத்தில் லைட் பார்ப்பவன் ருக்மல்.
என் கம்பி வெட்டுகிற குறடு ஒன்று
ஆறு மாதமாக அவனிடம்.
பின்னேரம் சாக்கோடு போனேன்.
என்னைக் கண்டதும் குறட்டைத் தேடத் தொடங்கினான்.
அது கிடக்கட்டும் என்று
சாக்கைக் கவிழ்த்தேன். டின்கள் உருண்டன.

என் சிங்களம் அரைகுறை, அவன் தமிழ் அதைவிட மோசம்.
கையைத் துடுப்பாக்கி மணலில் நடந்து காட்டினேன்.
சிரித்தான். பிறகு
அவர்களுடைய குளத்துப் பக்கம் பார்த்தான்,
சிரிப்பை நிறுத்தினான்.
அவனும் வடிகூடை திறக்கிறவன்தானே.

சுவிட்ச் ஒபிசுக்குள், சாவி மனேஜரிடம்,
மனேஜர் கொழும்பில்.
“தொப்பி போடலாம்,” என்றான்,
“தொப்பிக்குச் சாவி தேவையில்லை.”

காவல்காரன் விசில் ஊத முதல்
நாலு விளக்குக்குப் போட்டு முடித்தோம்.
அவன் பக்கம் மட்டும் இன்னும் பதினேழு.
அதற்குத் தெற்கே
உப்புவெளி வரைக்கும் எத்தனை என்று
நான் எண்ணவில்லை.
ஜெசிந்தாவிடம்
டின்களை எறியவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.